நல்ல நம்பர் வாங்கும் வழி

சர்க்கரை வியாதியைப் பற்றி மாஸ்டருக்குத் தெரியாத விஷயமும் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூட வாத்தியாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். தையல்காரர். கடைத்தெருவில் விதைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்தால் நிரம்பிவிடுகிற அறை அவருடையது. அதற்குள் ஒரு கால்மிதி மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் அரைகுறைச் சட்டைகள். காலையில் வந்ததும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் மிதிக்க உட்காருவார். செருப்புப் போட்டுக்கொண்டு மிதித்தால் தையலின் வேகம் காலுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி.

சொன்ன தேதிக்குத் துணி கொடுத்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. வாங்க வந்தவர்களின் கோபத்தை ஆற்ற ஏதாவது பேச்சுக் கொடுத்தாக வேண்டும். ஒரு காலத்தில் மழையும் விலைவாசியும் அதற்குப் போதுமானதாக இருந்தன. தனக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு மாஸ்டருக்குப் பேசுவதற்குப் புது விஷயம் கிடைத்துவிட்டது. சுகாதார நிலையத்தில் கொடுத்த துண்டுப் பிரசுரங்களைக் கரைத்துக் குடித்தார். கணையம் எங்கே இருக்கிறது, அது என்ன வேலை செய்கிறது, ஏன் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்கிறது என்பதையெல்லாம் அவர் சொல்லிக் கேட்டால், ஏதோ பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். சர்க்கரைக்காரன் தினமும் தன் பாதத்தைப் பார்க்க வேண்டும், குனிய முடியாதவன் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. அவர் தன் பாதத்தைப் பார்த்ததில்லை. அவருக்கு ஏது நேரம்.

சுகாதார நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது. பழைய தானியக் கிடங்கு. வெள்ளையடித்து, நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் அறை, இந்தப் பக்கம் காத்திருக்கும் இடம் என்று ஆக்கியிருந்தார்கள். நர்ஸ் அங்கேயே இருப்பவள். டாக்டர் வாரம் ஒரு நாள் நகரத்திலிருந்து வருவார். மாதத்தில் முதல் முறை அவர் வரும் நாள், சர்க்கரை பார்க்கும் நாள். எல்லோரும் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார வேண்டும். நர்ஸ் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். மெஷின் ஒரு நம்பர் காட்டும்.

நர்ஸ் நல்ல மனசுக்காரி. நல்ல மனசுக்காரர்களுக்கே வரக்கூடிய யோசனை ஒன்று அவளுக்கு வந்தது. நம்பரை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்வது, நல்ல நம்பர் என்றால் கை தட்டச் சொல்வது. நாலு பேர் முன்னால் நம்பர் வந்தால் ரோஷம் வரும், ரோஷம் வந்தால் வாயைக் கட்டுவார்கள் என்பது அவள் கணக்கு. ரோஷம் என்னவோ வந்தது. போன திசைதான் வேறு.

அந்தத் திசையைக் காட்டியவர் மாஸ்டர். அதுவும் அவர் தேடிப் போய்க் கண்டுபிடித்ததில்லை. ஒரு மாதம் சோதனைக்கு முந்தி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய் இரண்டு நாள் வெந்நீர்தான் சாப்பாடு. மாத்திரை போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். வரிசையில் தலை சுற்ற உட்கார்ந்திருந்தவருக்கு நர்ஸ் சொன்ன நம்பர் தேனாகப் பாய்ந்தது. கைதட்டலில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்தன்றுகூட அவருக்கு யாரும் அப்படிக் கை தட்டியதில்லை.

அடுத்த மாதத்திலிருந்து அது முறையாகிவிட்டது. மாதம் முழுக்க இஷ்டம்போல் இருக்கலாம். சோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பட்டினி, கசப்புக் கஷாயம், ஆற்றுப் பாலம் வரை வேக நடை, மாத்திரை இரட்டிப்பு. ஊசி குத்திய அடுத்த நிமிஷம் மயக்கம் வராமலிருக்கச் சட்டைப் பையில் ஒரு மிட்டாய். இதை அவர் காதும் காதும் வைத்த மாதிரி மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். பேன்ட்டுக்கு அளவெடுக்கிற சாக்கில் டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டே, வெளியே சொல்லாதே என்ற நிபந்தனையோடு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். இப்படி வெளியே தெரியாமலே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

முதல் சீடர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். லாரி டிரைவர். லாரி நிற்கும் இடத்திலெல்லாம் டீ, டீயோடு கடிக்க ஏதாவது என்று பழகியவர். மாப்பிள்ளை சொன்ன வழியில் போய் முதல் மாதமே கைதட்டல் வாங்கினார். அன்று திரும்புகிற வழியில் கை நடுங்கி லாரியை வேலிக்குள் விட்டதை மாட்டின்மேல் பழி போட்டுச் சமாளித்துவிட்டார். அதற்குப் பிறகு மிட்டாயை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டார். சோதனை நாளன்று சுகாதார நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நடந்த வியாபாரம், சந்தை நாளில்கூட நடந்ததில்லை.

டாக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும். நம்பரைப் பார்த்தார், மகிழ்ந்தார். இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு இத்தனை மாத்திரை என்று ஒவ்வொருவருக்கும் ஒன்றைக் குறைத்தார். மாத்திரை குறைந்தவர்கள் உத்தியோக உயர்வு வாங்கியவர்கள்போல் நடந்தார்கள். மாஸ்டருக்குத்தான் எல்லோரையும்விட அதிகம் குறைந்தது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அவருக்கு முன்மாதிரி நோயாளி என்று சட்டம் போட்ட பத்திரம் கொடுத்தார். கழுத்தில் டேப்போடு, தானே தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, மாஸ்டர் சுகாதார நிலையத்துச் சுவரில் படமாக ஏறினார்.

அந்தச் சமயத்தில் அவருக்கு இன்னொரு சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. ரொம்ப நாளாக இருந்த பாத எரிச்சல், படுக்கையில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்க வைத்த எரிச்சல், நின்றே போய்விட்டது. இதையும் தன் முறையின் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டார். மாத்திரை குறைந்தது, எரிச்சல் போனது, இனி என்ன வேண்டும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை வந்திருப்பதை மனைவியிடம் அளந்துகொண்டிருந்தார். அவள் அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தாள். துடைத்த தரையில் சிவப்பாக ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வாசலிலிருந்து தண்ணீர்ப் பானை வரை போய்த் திரும்பி, பேசிக்கொண்டிருக்கிற மனுஷனின் வலது காலடியில் போய் முடிந்தது தடம். அவரை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே உடைந்த தையல் ஊசியின் முனை புதைந்திருந்தது. சுற்றிலும் தோல் வெளுத்திருந்தது. இன்றைக்குக் குத்தியதல்ல என்று பார்த்தாலே தெரிந்தது.

அவள் நகத்தால் நெம்பி எடுத்தாள். எடுக்கும்போது அவள் முகம்தான் கோணியது. மாஸ்டர் சிரித்தபடி, ஒண்ணுமே வலிக்கலையே என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

வலிக்கிற புண்ணுக்குப் பயப்படாதே, வலிக்காத புண்ணுக்குப் பயப்படு. பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். மாஸ்டர் அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். எரிச்சல் தானாக நின்றால் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் ஓடு என்று அதற்கு அடுத்த வரி. அந்த வரியைச் சொல்லும்போது குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியும். அது தன்னைப் பற்றிய வரி என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது.

சோதனை நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. இந்த நிலைமையில் வேறு எவனாக இருந்தாலும் முறையை ஒதுக்கி வைத்திருப்பான். மாஸ்டர் பட்டினி கிடந்தார், கஷாயம் குடித்தார். நடக்க முடியவில்லை என்பதால் மட்டும் நடக்கவில்லை. நர்ஸ் நம்பரைச் சொன்னாள். முன்பு மாதிரி பிரமாதம் இல்லை, ஆனாலும் கை தட்டத் தகுந்த நம்பர்தான். தட்டினார்கள்.

திரைக்குப் பின்னால் டாக்டர் காலைப் பார்த்தார். முகத்தில் முதலில் ஒரு யோசனை வந்தது. பிறகு நம்பரைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், யோசனை போய்விட்டது. சர்க்கரை இவ்வளவு கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு இது தானாகவே ஆறிவிடும், வேறு யாராவதாக இருந்தால் இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன் என்று சொல்லி ஒரு களிம்பையும் கொஞ்சம் மாத்திரையும் கொடுத்தார். அடுத்த வாரம் காட்டுங்கள் என்றார்.

வேறு யாராவதாக இருந்தால் என்ற வார்த்தை மாஸ்டரைப் பிடித்து நிறுத்தியது. நான்தான் டாக்டர் அந்த வேறு யாராவது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் திரை மெல்லியது. அதற்கு அந்தப் பக்கம் ஊரே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தது. தன் மானம் மட்டுமா போகும், எல்லோர் குட்டும் வெளிப்பட்டுவிடும். வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, களிம்போடு வெளியே வந்தார். மச்சான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த வாரம் முழுக்கப் புண் ஆறவில்லை, அகலமானது. களிம்பு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை வரத் தொடங்கியது. மாஸ்டர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார், களிம்பின் தரம் சரியில்லை என்று. மனைவி எதையும் காதில் வாங்கவில்லை. அவள் எந்தப் பிரசுரத்தையும் படித்தவளல்ல. தினமும் வெந்நீர் வைத்துக் கழுவினாள். கழுவும்போது அவர் பேசிக்கொண்டே இருப்பார், அவள் புண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்துச் சமையலறையில் உட்கார்ந்து அழுதது அவருக்குக் கேட்டது.

டாக்டர் வரும் நாள் வந்தது. அன்று சோதனை நாள் இல்லை. ஆனாலும் காலைப் பார்த்தால் எதற்கும் இருக்கட்டும் என்று விரலைக் குத்திவிடுவார்களோ என்ற பயத்தில், மாஸ்டர் முந்தின நாளிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை. காய்ச்சல் வேறு. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரின் எதிரில் மனைவி ஒரு தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். சூடான சோறு, குழம்பு, பொரியல்.

எங்க போறோம்னு தெரிஞ்சுமா இதைக் கொண்டுவந்து வைக்கிறே என்றார் மாஸ்டர். திரும்பி வந்து சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். வயிறு சரியில்லை என்றார். சோதனைக்கு முன் சாப்பிடக் கூடாது என்று மருத்துவ சாஸ்திரமே சொல்கிறது என்றுகூட ஆரம்பித்தார். அவள் தட்டை எடுக்கவில்லை.

"ஏங்க, நீங்க பட்டினி கிடந்து யாரை ஏமாத்துறீங்க? டாக்டருக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டால் மாஸ்டருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அழுகைதான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிரில் அவர் அழுததில்லை. அவள் பார்க்காததுபோல் தண்ணீர் எடுக்கப் போனாள். அவர் உட்கார்ந்து, தட்டை இழுத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு அவ்வளவு பயந்து அவர் சாப்பிட்டது அன்றைக்குத்தான். சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டிருந்த மனுஷனை ஒவ்வொரு கவளமாக அவர் விழுங்கிக்கொண்டிருந்தார், அது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

மச்சான் வண்டி பிடித்துக் கூட்டிப் போனார். நர்ஸ் விரலைக் குத்தினாள். மெஷின் நம்பர் காட்டவில்லை. தன்னால் அளக்க முடிந்த நம்பருக்கு மேல் சர்க்கரை போய்விட்டால் காட்டுகிற எழுத்தைக் காட்டியது. நர்ஸ் மெஷினை டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவள் நம்பரைச் சொல்லாத முதல் ஆள் மாஸ்டர்தான்.

மெஷின் கெட்டுவிட்டதா என்று டாக்டர் கேட்டார். வேறொரு மெஷினில் பார்த்தார்கள். அதுவும் அதையேதான் சொன்னது. போன வாரம் எவ்வளவு நல்லா இருந்துச்சு, ஒரே வாரத்துல எப்படி இப்படி ஆச்சு என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல் கேட்டார்.

"போன வாரமும் இப்படித்தான் டாக்டர் இருந்துச்சு. போன வருஷமும் இப்படித்தான். நீங்க பாத்ததெல்லாம் என் பட்டினியை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கஷாயம், நடை, இரட்டை மாத்திரை, மிட்டாய். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியும் பயனில்லை, மாத்திரை வாங்க வந்து திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சர்க்கரைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்த மாதிரி வேறு யாராவது செய்கிறார்களா என்று கேட்டார். மாஸ்டர் திரையைப் பார்த்தார். அது தரையைத் தொடாது. அடியில் வரிசையாகக் கால்கள் தெரிந்தன. முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அத்தனை பேன்ட்டின் மடிப்பும் அவர் தைத்தது. எந்தக் கால் யாருடையது, யாருக்கு எப்போது எரிச்சல் ஆரம்பித்தது, யார் அது நின்றுவிட்டதென்று போன மாதம் வந்து சந்தோஷமாகச் சொன்னார் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். அப்படிச் சொன்னவர்களில் மச்சானும் ஒருவர்.

"எல்லாரும்தான் டாக்டர். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெருவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருந்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று அங்கிருந்த டாக்டர் மனைவியிடம் சொன்னார். அவள் அதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

ஊருக்கு அவர்மேல் ஆத்திரம் தாங்கவில்லை. தன் கால் போகிறது என்றால் தன் கதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே, எங்களை எதற்கு இழுத்தான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் குறைத்த மாத்திரைகளை டாக்டர் திரும்பக் கூட்டியபோது ஆத்திரமும் கூடியது. நர்ஸ் சுவரிலிருந்து படத்தை எடுத்துவிட்டாள். ஆணி மட்டும் இருந்தது. முறையில் தப்பில்லை, மாஸ்டர்தான் கடைசி மாதம் நடையை விட்டுவிட்டார், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று சொன்னவர்களும் உண்டு.

பிறகு ஒரு செய்தி வந்து ஆத்திரத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. இனிமேல் விரலைக் குத்திப் பார்க்கிற சோதனையை மட்டும் நம்பப்போவதில்லையாம். புதிதாக ஒரு ரத்த சோதனை. கடந்த மூன்று மாதமும் எப்படி இருந்தோம் என்பதை அப்படியே காட்டிக் கொடுத்துவிடுமாம். முந்தின நாள் பட்டினி கிடந்தால் செல்லாதாம். ஊர் ஆடிப்போய்விட்டது. இதற்கு வழி தெரிந்த ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

தூது போக மச்சானைத்தான் பிடித்தார்கள். அவரும் மாஸ்டரோடு பேச்சை நிறுத்தியிருந்தவர்தான். இருந்தாலும் ஒரு பை நிறையப் பழத்தை வாங்கிக்கொண்டு, யாருக்கு வாங்குகிறோம் என்பதை மறந்து, வார்டுக்குள் வந்து நின்றார். ஜன்னலோரக் கட்டிலில் மாஸ்டர் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். தங்கை அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டுப் பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மச்சான் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். தன் காலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், புது சோதனை வருவதைச் சொன்னார். அதை ஏமாத்த ஏதாவது வழி இருக்கா மாப்பிள்ளை என்றார்.

இல்லை என்றுதான் மாஸ்டர் சொல்ல நினைத்தார். இனிமேலாவது ஒழுங்காக இருங்கள் என்று சொல்ல நினைத்தார். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மச்சான் தலையாட்டிவிட்டு எழுந்து போய், வாசலில் இருக்கும் கடையில் டீ குடிப்பார். மச்சான் செருப்புக்குள் கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார். ஐந்தும் இருந்தன. மாஸ்டருக்கு அந்த விரல்கள்மேல் பொறாமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இருக்கு மச்சான். ஒரே ஒரு வழிதான் இருக்கு. நர்ஸம்மா காதுக்குப் போகக் கூடாது."

மச்சான் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார். மாஸ்டர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். தினமும் நடக்க வேண்டும், ஆனால் யாரும் கேட்டால் வேலையாகப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். மாத்திரையை டாக்டர் சொன்ன கணக்குப்படி, சொன்ன நேரத்தில், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் போட வேண்டும், அப்போதுதான் சோதனைக்குச் சந்தேகம் வராது. டீயில் சர்க்கரையை நிறுத்த வேண்டும். தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியை இரண்டு பங்காக்க வேண்டும். படுக்கப் போகுமுன் கதவைச் சாத்திக்கொண்டு பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு நாள் தவறினாலும் மாட்டிக்கொள்வாய் என்று எச்சரித்தார். மூன்று மாதம் இப்படி இருந்துவிட்டால் அந்த மெஷினாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார்.

மச்சான் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிலின் அந்தப் பக்கம் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்ன என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

"இப்படி ஒரு வழிய வச்சுக்கிட்டு, இத்தன நாளா ஏன் மாப்பிள்ளை எங்ககிட்ட சொல்லல?"

இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டும், காஜா எடுத்துக்கொண்டும், துணி தயாராகாத ஒவ்வொரு நாளும் பிரசுரத்திலிருந்து இதையும்தான் சொல்லிவந்தோம் என்பது மாஸ்டருக்கு நினைவு வந்தது. மச்சானுக்கே நூறு தடவை சொல்லியிருப்பார். மச்சானின் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது மச்சான்."

மச்சான் மனசார நம்பினார். போய் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டுமே, எதையாவது விட்டுவிடப் போகிறேன், முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லு என்றார்.